கணினிக் கேள்வி பதில்: முதல் எரரை முதலில் படியுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ப்ரோகிராமை எழுதி முடித்தாயிற்று, அது எக்ஸிக்யூட்டபிளாக, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் ஃபைலாக, மாறத்தான் மாட்டேன் என்கிறது. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே. எரர் வந்த வரியை அப்படியே எழுதி அனுப்பியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். "எரர் வருது, என்ன செய்ய?" என்று மட்டும் எழுதியவர்கள் வருத்தப்பட வேண்டாம். அந்த வரியையும் சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள். அது இல்லாமல் நான் எதைச் சொன்னாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: மேடம், கல்லூரி லேபில் டர்போ சி++-இல் நன்றாக ஓடிய ஃபேக்டோரியல் ப்ரோகிராமை என் லேப்டாப்பில் கோட்பிளாக்ஸில் போட்டேன். ஒரு எரரைச் சரிசெய்தால் இன்னொன்று வருகிறது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய ப்ரோகிராம் அது, நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒருவழியாகத் தோழி உதவியோடு ஓடவைத்தேன். இப்போது 8 கொடுத்தால் 40320 வருகிறது. லேபில் மைனஸ் 25216 வந்தது. எது சரி? – முதலாம் ஆண்டு மாணவி, தூத்துக்குடி

40320தான் சரி. உங்கள் ப்ரோகிராமிலும் தப்பு இல்லை, லேப்டாப்பிலும் தப்பு இல்லை. லேபில் இருக்கும் டர்போ சி++ கம்பைலர் (நாம் எழுதும் ப்ரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றுவது) 1990களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தர வரையறை வந்தது 1998-இல். அதற்கு முன்னால் எழுதப்பட்ட கம்பைலரை, டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் உட்காரவைத்து இன்னும் பாடம் நடத்துகிறோம். இதில் அவதிப்படுவது உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

நீங்கள் அனுப்பிய ஃபைலை நானும் கம்பைல் செய்து பார்த்தேன். முதலில் வந்தது ஒரே ஒரு எரர். 'ஃபேட்டல் எரர்: ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி.' அதோடு நின்றுவிட்டது. 'ஃபேட்டல்' என்ற சொல் வந்தால் கம்பைலர் உங்கள் ப்ரோகிராமை இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெடர் ஃபைலைத் தேடிப் போன இடத்தில் அது கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டது. இப்போதைய சி++-இல் அந்த ஹெடரின் பெயரில் 'டாட் ஹெச்' கிடையாது, வெறும் 'ஐஓஸ்ட்ரீம்'. அதை மாற்றியதும்தான் கம்பைலர் உள்ளே நுழைந்து படித்தது. படித்ததும் திரையில் அச்சிடும் சிஅவுட், எண்ணை வாங்கும் சிஇன் என்று ஒவ்வொரு பெயருக்கும் 'வாஸ் நாட் டிக்ளேர்டு இன் திஸ் ஸ்கோப்' என்று ஒரு எரர் கொடுத்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வருகிறதே என்று நீங்கள் பயந்தது இங்கேதான். உண்மையில் அவை எல்லாம் ஒரே எரர். ஹெடர்களுக்குக் கீழே 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று எழுதி ஒரு செமிகோலன் போட்டால் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எரர் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மேலே ஏறி முதல் எரருக்குப் போங்கள். அதை மட்டும் சரிசெய்யுங்கள். மறுபடி கம்பைல் செய்யுங்கள். கீழே இருப்பவற்றில் பாதி அந்த முதல் எரரால் கம்பைலர் குழம்பிச் சொன்னவையாக இருக்கும். கடைசி எரரிலிருந்து திருத்த ஆரம்பித்தால் சரியாக இருக்கும் வரிகளையும் கெடுத்து வைப்பீர்கள்.

மீதம் இரண்டு. வாய்ட் மெயின் என்று எழுதியதற்கு 'மெயின் மஸ்ட் ரிட்டர்ன் இன்ட்' என்று வந்திருக்கும். ப்ரோகிராம் முடியும்போது ஒரு எண்ணை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், 0 என்றால் நல்லபடியாக முடிந்தது என்று பொருள். அதனால் 'இன்ட் மெயின்' என்று எழுதுங்கள். திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் என்பது டர்போவின் சொந்தச் சரக்கு. விண்டோஸில் ஜிசிசியோடு (கோட்பிளாக்ஸ் பயன்படுத்தும் கம்பைலர்) வரும் கோனியோ ஹெடரில், ஒரு கீ அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்ச் உண்டு, கிளியர்ஸ்கிரீன் கிடையாது. லினக்ஸிலோ அந்த ஹெடரே கிடையாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். கடைசியில் போடும் கெட்சும் வேண்டாம், கோட்பிளாக்ஸ் தானாகவே ஒரு கீயை அழுத்தும் வரை திரையை மூடாமல் வைத்திருக்கும்.

இப்போது அந்த மைனஸ் 25216. டர்போவில் இன்ட் என்றால் 2 பைட். அதில் அடங்கும் பெரிய எண் 32767. எட்டு ஃபேக்டோரியல், அதாவது 1-லிருந்து 8 வரை பெருக்கினால் வருவது, 40320, அதில் அடங்காது. 40320-லிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 25216 வரும். உங்கள் லேப்டாப்பில் இன்ட் 4 பைட், 214 கோடிக்கு மேல் தாங்கும். அதனால் 12 வரைக்கும் சரியான விடை கிடைக்கும். 12-க்கு 479001600. 13 கொடுத்துப் பாருங்கள். வர வேண்டியது 6227020800, திரையில் வருவது 1932053504. மைனஸ்கூட இல்லாததால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கம்பைலர் இதற்கு எரர் தராது, வார்னிங்கும் தராது. விடையைக் கையால் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். 'லாங் லாங்' என்று மாற்றினால் 20 வரை போகலாம்.

லேப் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டில் 'இன்ட் மெயின்' என்று எழுதிவரும் மாணவருக்குச் சிவப்பு மை வேண்டாம். சரியாக எழுதுவது அவர்தான்.

கேள்வி: 14-வது வரியில் எரர் என்கிறது. அந்த வரியைத் தலைகீழாகப் படித்துவிட்டேன், தப்பே இல்லை. – பதினோராம் வகுப்பு மாணவர், தர்மபுரி

13-வது வரியின் கடைசியைப் பாருங்கள், செமிகோலன் விட்டுப்போயிருக்கும். கம்பைலர் 13-வது வரியைப் படித்து முடிக்கும்போது வாக்கியம் முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று தெரியும். பள்ளிகளில் இருக்கும் டெவ் சி++-இன் பழைய ஜிசிசி அந்த இடத்தையே காட்டும். புதிய ஜிசிசி முந்தைய வரியின் முடிவைக் காட்டுகிறது. எரர் ஃபைலின் கடைசி வரியில் இருந்து, 'அட் எண்ட் ஆஃப் இன்புட்' என்றும் வந்தால், எங்கோ திறந்த நெளிவு அடைப்புக்குறி மூடப்படவில்லை.

கேள்வி: உபுண்டுவில் சி படிக்கிறேன். மேத் டாட் ஹெச் ஹெடரைச் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி' என்று வருகிறது. இதில் ஒரு புதிர்: எஸ்கியூஆர்டிக்குள் நேரடியாக 16 என்று எழுதினால் ஓடுகிறது. ஸ்கேன்எஃப் வைத்து எண்ணை வாங்கிக் கொடுத்தால் ஓடவில்லை. ஏன் அப்படி? – டிப்ளமோ மாணவர், திண்டுக்கல்

16-ஐயும் ஸ்கேன்எஃபையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அது சரியான வழி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு சி ஃபைல் எக்ஸிக்யூட்டபிள் ஆவதற்குள் பல கை மாறுகிறது. முதலில் ப்ரீப்ராசஸர் வந்து ஹெடர்களைக் கொண்டுவந்து ஒட்டும். அப்புறம் கம்பைலர் படித்து, மொழி இலக்கணத்தைச் சரிபார்த்து, ஆப்ஜெக்ட் ஃபைல் ஆக்கும். கடைசியில் லிங்கர் அந்த ஆப்ஜெக்ட் ஃபைலையும் லைப்ரரிகளையும் (முன்பே எழுதிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) கோத்து எக்ஸிக்யூட்டபிள் தரும். நாம் ஒரே கட்டளை கொடுப்பதால் எல்லாம் ஒருவர் வேலை போலத் தெரிகிறது. எரர் வந்தால் இவர்களில் யார் பேசுகிறார் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'நோ சச் ஃபைல்' என்று ஹெடரைச் சொன்னால் ப்ரீப்ராசஸர். 'எக்ஸ்பெக்டட்', 'அன்டிக்ளேர்டு' என்றால் கம்பைலர். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று சொல்லி, கீழே 'எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்' என்று முடிந்தால் அது லிங்கர். லிங்கர் பேச ஆரம்பித்துவிட்டதென்றால் உங்கள் சி இலக்கணம் தேறிவிட்டது. இனி செமிகோலனைத் தேடிப் பயனில்லை.

ஹெடர் ஃபைலில் இருப்பது அறிவிப்பு மட்டும்: 'எஸ்கியூஆர்டி என்று ஒன்று உண்டு, டபுள் வாங்கும், டபுள் தரும்.' ரேஷன் கார்டில் அரிசி என்று அச்சடித்திருப்பதால் வீட்டில் சாக்கு வந்து இறங்கிவிடாது, கடைக்குப் போய் வாங்கி வர வேண்டும். வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் கோட் லினக்ஸில் தனிக் கணித லைப்ரரியில் இருக்கிறது. சி ப்ரோகிராமுக்கு அதை லிங்கர் தானாக எடுத்துக்கொள்ளாது. கட்டளையின் கடைசியில் ஒரு ஹைஃபன், அதை ஒட்டிச் சின்ன எல், சின்ன எம் என்று எழுதுங்கள். நடுவில் இடைவெளி வேண்டாம். கடைசியில் என்று சொல்வதைக் கவனியுங்கள். ஃபைல் பெயருக்கு முன்னால் எழுதினால் உபுண்டுவில் அதே எரர் மறுபடி வரும். லிங்கர் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகிறது. லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் யாரும் எஸ்கியூஆர்டியைக் கேட்கவில்லை என்றால் தேவையில்லை என்று விட்டுவிடும்.

சரி, 16 மட்டும் எப்படி ஓடியது? எழுதும்போதே எண் தெரிந்திருப்பதால் கம்பைலர் தானே கணக்குப் போட்டு அந்த இடத்தில் 4 என்று எழுதிவிட்டது. எஸ்கியூஆர்டியை அழைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று, லிங்கரிடம் கேட்கவும் ஒன்றுமில்லை. இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கம்பைல் கட்டளையில் ஹைஃபன் சி சேர்த்தால் லிங்கருக்குப் போகாமல் ஆப்ஜெக்ட் ஃபைலோடு நிற்கும். அந்த ஆப்ஜெக்ட் ஃபைலின் மேல் 'என்எம்' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒரு சின்னப் பட்டியல் வரும். ஸ்கேன்எஃப் வைத்த ப்ரோகிராமில் எஸ்கியூஆர்டி பெயருக்குப் பக்கத்தில் பெரிய 'யூ' எழுத்து நிற்கும், 'இதை நான் பயன்படுத்துகிறேன், என்னிடம் இல்லை' என்று அர்த்தம். 16 எழுதிய ப்ரோகிராமின் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. ஒரு தடவை செய்து பாருங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

இதே எரர் நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்கு வந்தால் எழுத்துப் பிழை இருக்கும். அல்லது அது இருக்கும் இன்னொரு சி ஃபைலைக் கட்டளையில் சேர்க்க மறந்திருப்பீர்கள். மெயின் கிடைக்கவில்லை என்று சொன்னால் பெரிய எம் போட்டு எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விண்டோஸில் 'வின்மெயின்' இல்லை என்று புதிதாக ஒரு பெயரைச் சொல்லிப் பயமுறுத்தும். அதுவும் மெயின் காணவில்லை என்ற சங்கதிதான். பல நேரங்களில் ஃபைலை சேவ் செய்யாமல் கம்பைல் கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானிலிருந்து சி++ ப்ரோகிராமை இயக்கும் பாடம் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளபடியே அடித்தேன். 'ஜி++ இஸ் நாட் ரெகக்னைஸ்டு ஆஸ் ஆன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்' என்கிறது. டெவ் சி++-இல் அதே ப்ரோகிராம் ஓடுகிறதே! – அரசுப் பள்ளி மாணவி, அரியலூர்

இங்கே பேசுவது கம்பைலரே இல்லை, விண்டோஸ். ஜி++ என்ற பெயரில் ஒரு ப்ரோகிராமைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது. டெவ் சி++ தன் கம்பைலர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைத் தானே தெரிந்துவைத்திருக்கிறது, அதனால் அங்கே ஓடுகிறது. பைத்தானோ கமாண்ட் ப்ராம்ப்ட்டிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறது. அதற்கு அந்த இடம் தெரியாது.

டெவ் சி++ இன்ஸ்டால் ஆன ஃபோல்டரைத் திறந்து, மிங்டபிள்யூ64 என்பதற்குள் 'பின்' என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். உள்ளே ஜி++ இருக்கும். அந்த ஃபோல்டரின் முழு முகவரியை விண்டோஸின் பாத் பட்டியலில், அதாவது விண்டோஸ் ப்ரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், சேருங்கள். சேர்த்த பிறகு திறந்திருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய ஜன்னல் பழைய பட்டியலையே வைத்திருக்கும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஜி++ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனோடு 'வெர்ஷன்' என்று கொடுங்கள். 4.9.2 என்று வந்தால் டெவ் சி++ 5.11-உடன் வந்த கம்பைலர் அது. பாடத்துக்கு அதுவே போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ப்ரோகிராமை 'நியூ ஃபோல்டர்' போல நடுவில் இடைவெளி உள்ள பெயரில் வைக்காதீர்கள். பைத்தான் அந்த முகவரியை அப்படியே கட்டளையில் ஒட்டும்போது, இடைவெளிக்கு முன்னால் ஒரு ஃபைல், பின்னால் ஒரு ஃபைல் என்று ஜி++ இரண்டாகப் படித்துவிட்டு, 'நோ சச் ஃபைல்' என்று சொல்லும். சி டிரைவில் நேராக ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். கட்டளையில் ஃபைல் பெயரைக் கொடுக்கும்போது கடைசியில் 'டாட் சிபிபி' எழுத வேண்டாம். பாடத்தில் உள்ள பைத்தான் ப்ரோகிராமே அதைச் சேர்த்துக்கொள்கிறது.

கேள்வி: முதல் தடவை ரன் ஆகிறது. கோட்டை மாற்றி மறுபடி பில்ட் கொடுத்தால் 'கேன்னாட் ஓபன் அவுட்புட் ஃபைல், பெர்மிஷன் டினைட்' என்கிறது. – பிசிஏ மாணவர், கரூர்

முதல் தடவை ஓடிய ப்ரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் எக்ஸிக்யூட்டபிளின் மேல் இன்னொன்றை எழுத விண்டோஸ் விடாது. கறுப்பு ஜன்னல் எங்காவது ஸ்கேன்எஃபில் காத்துக்கொண்டு பின்னால் நிற்கும், மூடுங்கள். ஜன்னல் தெரியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரைத் தேடி நிறுத்துங்கள். முடியாத லூப் எழுதியிருந்தால் இது அடிக்கடி வரும்.

கேள்வி: நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ப்ரோகிராமைக் காப்பி செய்து போட்டேன். அவனுக்கு ஓடுகிறது. எனக்கு 'ஸ்ட்ரே \342 இன் ப்ரோகிராம்', அதற்கடுத்து \200, \234 என்று எண்களாக வருகிறது. ப்ரோகிராமில் 342 என்ற எண்ணே இல்லை. – பொறியியல் மாணவர், வேலூர்

பிரின்ட்எஃபுக்குள் இருக்கும் மேற்கோள் குறியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நேராக நிற்காமல் வளைந்திருக்கும். வேர்டு, பிடிஎஃப், செய்திப் பெட்டி, இப்படி எங்காவது வழியில் ஒன்று நேர்க்குறியை அழகுக்காக வளைகுறியாக மாற்றிவிடுகிறது. கம்பைலருக்கு நேர்க்குறி மட்டும்தான் தெரியும். அது ஒரு பைட். வளைந்த குறி யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மூன்று பைட். அந்த மூன்று பைட்டையும் எட்டின் அடிமான எண்களாகச் சொன்னால் 342, 200, 234. அதாவது கம்பைலர் 'இந்த இடத்தில் எனக்குத் தெரியாத மூன்று பைட் இருக்கிறது' என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. அழித்துவிட்டு உங்கள் கீபோர்டிலிருந்து குறியை அடியுங்கள், போய்விடும்.

எண்களைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். கடைசி எண் 223 என்றால் மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான கோடு வந்திருக்கிறது. 302, 240 என்று இரண்டே வந்தால் இடைவெளி மாதிரித் தெரியும், ஆனால் இடைவெளி அல்லாத ஒரு எழுத்து. கண்ணுக்குத் தெரியாது, அந்த வரியின் முன்பக்க வெற்றிடத்தை முழுதாக அழித்துவிட்டு மறுபடி அடிப்பதே வழி. 340-இல் ஆரம்பித்து 256 அல்லது 257 என்று தொடர்ந்தால் அது தமிழ் எழுத்து. கீபோர்டைத் தமிழில் வைத்துவிட்டு எங்கோ ஒரு எழுத்தைத் தட்டியிருப்பீர்கள்.

தமிழைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கமென்ட்டிலும் மேற்கோளுக்குள்ளும் தமிழ் எழுதத் தடையே இல்லை. 2020-இல் வந்த ஜிசிசி 10-லிருந்து மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். 'இன்ட் மொத்தம்' என்று எழுதினால் கம்பைல் ஆகும். விண்டோஸ் கறுப்புத் திரையில் தமிழ் அச்சாகாமல் குப்பையாக வந்தால், 'சிஹெச்சிபி 65001' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு ஓடவிடுங்கள். எழுத்துருவும் தமிழ் தெரிந்ததாக இருக்க வேண்டும். நம் மொழியில் ப்ரோகிராமின் விடையைப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தரும் மகிழ்ச்சி தனி, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் துணியின் நீளத்தை அளக்கும் எந்திரத்துக்கு ஒரு சி ப்ரோகிராம் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பழைய கம்ப்யூட்டரில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் கம்பைல் ஆகிவந்தது. புதிய கம்ப்யூட்டரில் டெபியன் 13 லினக்ஸ் போட்டதும் 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்' என்றும், அதைத் தாண்டினால் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்றும் எரர். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். – ஒரு வாசகர், திருப்பூர்

ப்ரோகிராம் கெட்டுப்போகவில்லை ஐயா. கம்பைலர் கண்டிப்பாக ஆகிவிட்டது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பழைய சி-யில் ஒரு ஃபங்ஷனைப் பற்றி முன்னறிவிப்பு எதுவும் எழுதாமலே அழைக்கலாம். 'சரி, இது இன்ட் தருகிறது போல' என்று கம்பைலர் தானாக எண்ணிக்கொள்ளும். 1999-இல் வந்த தர வரையறையே இந்த வழக்கத்தை நீக்கிவிட்டது. ஆனால் ஜிசிசி பழைய ப்ரோகிராம்களுக்காக இரக்கப்பட்டு வார்னிங்கோடு விட்டுவந்தது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-இல் அது எரராகிவிட்டது. டெபியன் 13-இல் இருப்பது அந்த ஜிசிசி 14.

இது வீண் கண்டிப்பு இல்லை. உங்கள் எந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நீளத்தை டபுளாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒரு ஃபைலில் இருக்கிறது. இன்னொரு ஃபைல் அறிவிப்பு இல்லாமல் அதை அழைத்தால், கம்பைலர் இன்ட் வருகிறது என்று எண்ணி வேறு இடத்தில் கைவைத்து எடுக்கும். கிடைப்பது மீட்டர் அல்ல, ஏதோ ஒரு எண். 64 பிட் கணினியில் முகவரியைத் தரும் ஃபங்ஷன் என்றால் 8 பைட்டில் 4 பைட் வெட்டுப்பட்டுப் போகும். அதனால் எரர் வரும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். லைப்ரரியில் உள்ளதென்றால் அதற்குரிய ஹெடரைச் சேருங்கள். பல நேரம் கம்பைலரே எந்த ஹெடர் என்று 'நோட்' வரியில் சொல்லியிருக்கும். உங்கள் ஆள் எழுதியதென்றால் அதன் முதல் வரியை எடுத்து ஒரு ஹெடரில் போட்டு செமிகோலன் வையுங்கள். 'எஃப்பர்மிசிவ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்து எரரை வார்னிங்காக மாற்றிக் கொள்ளவும் வழி இருக்கிறது. அளவை நம்பி வியாபாரம் நடக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது எரர் வேறு வகை. ஹெடருக்குள் 'இன்ட் கவுண்ட்' என்று ஒரு பொது மாறி இருக்கும். அந்த ஹெடரை மூன்று ஃபைல் சேர்த்தால் மூன்று கவுண்ட் உருவாகும். முன்பு லிங்கர் மூன்றையும் ஒன்றாக்கிவிடும். ஜிசிசி 10-லிருந்து அப்படிச் செய்வதில்லை. ஹெடரில் அந்த வரிக்கு முன்னால் 'எக்ஸ்டர்ன்' என்று சேருங்கள், ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் எக்ஸ்டர்ன் இல்லாமல் அதே வரியை எழுதுங்கள். அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரை உடனே அகற்ற வேண்டாம். ஒரே துணியை இரண்டிலும் அளந்து பார்த்து, எண்கள் ஒத்துப்போன பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் லேப்டாப் இல்லை. போனில் டெர்மக்ஸ் (லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப்) போட்டு சி படிக்கிறேன். கம்பைல் ஆகிறது, எரர் ஏதும் இல்லை. ரன் செய்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறது. ஓட அனுமதி தரும் சிஹெச்மாட் கட்டளையைக் கொடுத்தும் அப்படியே. போனில் சி ஓடாதா? – கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

நன்றாக ஓடும் தம்பி. போனை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம், லேப்டாப் வரும் வரை படிப்பை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்து அங்கேயே கம்பைல் செய்திருக்கிறீர்கள். போட்டோ, பாட்டு எல்லாம் இருக்கும் அந்தப் பொது இடத்தில் எந்த எக்ஸிக்யூட்டபிளையும் ஓட ஆண்ட்ராய்டு அனுமதிக்காது. அங்கே சிஹெச்மாட் கொடுத்தாலும் ஒட்டாது. எரர் காட்டாமல் சும்மா இருந்துவிடும், அதனால்தான் குழப்பம். டெர்மக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரில் இந்தத் தடை இல்லை. சிடி என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் அங்கே போய்விடுவீர்கள். சி ஃபைலை அங்கே காப்பி செய்து, அங்கிருந்தே கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஃபைலைப் பொது இடத்திலேயே எழுத வேண்டும் என்றால், கம்பைல் கட்டளையில் ஹைஃபன் ஓ போட்டு, வெளிவரும் எக்ஸிக்யூட்டபிளை மட்டும் ஹோம் ஃபோல்டருக்கு அனுப்பலாம்.

டெர்மக்ஸில் ஜிசிசி என்று அடித்தாலும் வேலை செய்வது கிளாங் என்ற கம்பைலர். எரர் வாசகங்கள் புத்தகத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் மாறியிருக்கும், பொருள் ஒன்றுதான். பிழை உள்ள எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கூரைக் குறி காட்டும், அந்த இடத்தைப் பாருங்கள்.

போனில் உருவான எக்ஸிக்யூட்டபிளைப் பென் டிரைவில் எடுத்துப் போய் லேபில் ஓடவைக்க முயலாதீர்கள். உங்கள் போனில் இருப்பது ஏஆர்எம் வகை பிராசஸர், லேப் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி, ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வேறு. எடுத்துப் போக வேண்டியது சி ஃபைலைத்தான். அங்கே ஒரு தடவை கம்பைல் செய்துகொள்ளுங்கள்.